கதவைத் தட்டினால் காகிதத்தைக் கேளுங்கள்

(தாலுகா ஊழியர் கூட்டத்தில் சங்கத்தின் சட்ட உதவிக் குழு சார்பில் ஆற்றிய உரை)



கொள்முதல் நிலையத்தைப் பற்றி எங்களுக்கு முன்னால் பேசியவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். களத்துமேட்டில் நெல்லு நனையறதையும் குவியலிலேயே முளை விடறதையும் நாங்க சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்குக் கொடுத்திருக்கிற வேலை வேற. தாலுகா ஆபீஸ் முன்னால் காத்திருப்புப் போராட்டத்துக்கு நாள் குறிச்சாச்சு. நாள் குறிச்ச உடனே யார் வீட்டுக்கு யார் வருவாங்க என்று இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

போன வருஷம் குறுவை அறுப்பு நேரத்தில் மறியல் அறிவித்தோம். முந்தின ராத்திரி ஒரு மணிக்கு மேலே மூணு ஊரில் நம் நிர்வாகிகள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. "ஒண்ணுமில்லைங்க, சின்ன விசாரணை, வந்துட்டு உடனே திரும்பிடலாம்" என்றுதான் சொன்னாங்க. ஒரு வீட்டில் 67 வயசுப் பெரியவரைச் சர்க்கரை மாத்திரை கூட எடுத்துக்க விடாமல் ஏத்தினாங்க. இன்னொரு வீட்டில் ஆள் இல்லை. காலேஜ் படிக்கிற பையனை ஜீப்பில் உட்கார வைத்து, "அப்பன் வந்தா மகனை விடறோம்" என்று அந்த அம்மாகிட்ட சொல்லிட்டுப் போனாங்க. மூணாவது வீட்டில் பீரோவைத் திறக்கச் சொல்லி சங்கத்தின் ரசீது புத்தகம், ஒரு செல்போன், சொசைட்டி பாஸ்புக் மூணையும் எடுத்தாங்க. மறுநாள் சாயங்காலம் எல்லோரையும் விட்டாச்சு. பொருளைக் கேட்டால், "நாங்க எதையும் எடுக்கலையே" என்கிறார்கள். இன்னிக்கு வரைக்கும் அதே பதில்தான். எந்த ஸ்டேசன் என்று இங்கே சொல்லப் போவதில்லை. புகார் மனு மேலே போயிருக்கிறது, அதற்குப் பதில் வரட்டும்.

அந்த ராத்திரி முழுக்க ஒரு துண்டுக் காகிதம் எழுதப்படவில்லை. வந்தது யார், எதுக்காக, எத்தனை மணிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க, எதை எடுத்தாங்க, எதுவும் எழுத்தில் கிடையாது. ஆனால் சட்டம் போலீசுக்கு அதிகாரம் கொடுக்கும்போதே எழுதச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறது. இன்னிக்கு நாங்கள் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். கைது, சோதனை, வீட்டுக்குள் நுழைவது எல்லாத்துக்கும் அவங்களுக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தோட கூடவே அவங்க எழுத வேண்டிய காகிதமும் உண்டு. அந்தக் காகிதத்தை நாம் கேட்க வேண்டும்.

முதலில் ஒரு தகவல். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற நடைமுறைச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. பெயரை இந்தியில் வைத்திருக்கிறார்கள், நம்ம வாயில் நுழையாது. நாம் புதிய குற்ற நடைமுறைச் சட்டம் என்றே சொல்வோம். நம்ம ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமான 144 இப்போது 163. முன்னெச்சரிக்கைக் கைதுக்குப் போடும் 151 இப்போது 170. நம்பர் மாறினாலும் நமக்குள்ள பாதுகாப்பு போகவில்லை. சில இடத்தில் கூடியும் இருக்கிறது.

சரி, "விசாரணை"க்கு வருவோம். இந்த வார்த்தைதான் நம்மை அதிகமாக ஏமாற்றுகிறது. கைது என்று சொன்னால் பத்துக் கேள்வி கேட்போம். விசாரணை என்றால் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறோம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்று ஸ்டேசனுக்குப் போன தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. 2025 ஜூனில் திருப்புவனம் பக்கத்தில் நகை காணோம் என்ற புகாரில் விசாரணைக்கு எடுத்த கோயில் காவலாளியும் திரும்பவில்லை. நாடே பேசிய விஷயம் இரண்டும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. விசாரணை என்ற வார்த்தைக்குள்ளே எதுவும் நடக்கலாம் என்பதால் சொல்கிறோம்.

ஒரு வழக்கில் உங்களுக்கு ஏதாவது தெரியும் என்று சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால், பிரிவு 179-ன்படி எழுத்து மூலம் உத்தரவு கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். 60 வயதுக்கு மேற்பட்ட ஆண், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன், எந்த வயதுப் பெண்ணாக இருந்தாலும், ஊனமுற்றவர், கடும் நோயாளி, இவர்களை ஸ்டேசனுக்கு வா என்று கட்டாயப்படுத்தவே முடியாது. அவர்கள் இருக்கும் வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். "உங்க வீட்டுக்காரர் எங்கே? நீ ஸ்டேசனுக்கு வந்து சொல்லு" என்று தாய்மார்களைக் கூப்பிடுகிறார்களே, சட்டத்தில் அதற்கு இடமில்லை. "இங்கேயே கேளுங்க ஐயா, தெரிஞ்சதைச் சொல்றேன்" என்று திண்ணையில் நின்று சொல்லுங்கள், போதும்.

உங்கள் மேலேயே வழக்கு இருந்து, கைது செய்யத் தேவையில்லை என்றால், பிரிவு 35-ன் கீழ் நோட்டீஸ் கொடுத்து இன்ன தேதியில் வா என்று கூப்பிட வேண்டும். நோட்டீஸ்படி போய் ஒத்துழைக்கிறவரைக் கைது செய்யக் கூடாது. செய்தே தீர வேண்டும் என்றால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றத்தில் எடுத்ததும் கைது செய்யாதே, ஏன் கைது என்று எழுதிக் காட்டு என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதுச் சட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மூன்று வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதைத் தாண்டியவரையோ உடம்பு முடியாதவரையோ கைது செய்ய டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். நம் கிளைத் தலைவர்களில் பாதிப் பேர் 60-ஐத் தாண்டியவர்கள். ஆதார் அட்டை நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். "டி.எஸ்.பி. அனுமதி இருக்குங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கைது என்றே சொல்லிவிட்டால் என்ன கேட்பது? வந்திருப்பவர் சட்டையில் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும். அதில் வீட்டு ஆள் ஒருத்தராவது, இல்லை என்றால் ஊரில் மதிப்புள்ள ஒருத்தராவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதாகிறவரும் போட வேண்டும். உங்கள் உறவினருக்கோ நண்பருக்கோ எங்கே வைத்திருக்கிறோம் என்று தகவல் சொல்ல வேண்டியது அவங்க பொறுப்பு. இதெல்லாம் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டளைகள், பிறகு சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. அந்த வழக்கு எப்படி ஆரம்பித்தது தெரியுமா? 1986-ல் மேற்கு வங்கத்தில் சட்ட உதவிப் பணியில் இருந்த டி.கே.பாசு, காவலில் நடக்கும் சாவுகளைப் பற்றித் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். தீர்ப்பு வர பத்து வருஷம் ஆனது. நாம் மனு எழுதினால் சிரிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கைதுக்கான காரணத்தை வாயால் சொன்னால் போதாது. கைதாகிறவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உடனே கொடுக்க முடியாத நேரத்திலும், மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாடியாவது கையில் கொடுத்தாக வேண்டும். ஆகவே இங்கிலீஷில் நாலு வரி நீட்டினால், "தமிழில் கொடுங்க" என்று கேட்கலாம். அது நம் உரிமை.

பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான நிலைமை என்றால் பெண் போலீஸ் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்கி வர வேண்டும். கைவிலங்கு பற்றியும் கேட்கிறீர்கள். புதுச் சட்டத்தில் விலங்கு போடலாம் என்று எழுதியிருப்பது உண்மைதான். கொலை, பாலியல் வன்முறை, பயங்கரவாதம், போதைப்பொருள், காவலில் இருந்து தப்பி ஓடியவர் என்று ஒரு பட்டியல் அது. நெல்லை எடு என்று உட்கார்ந்தவன் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி முன்னெச்சரிக்கைக் கைது. பிரிவு 170. யாராவது கைது செய்யத்தக்க குற்றம் செய்யத் திட்டமிட்டிருப்பது தெரிந்து, வேறு வழியில் அதைத் தடுக்க முடியாது என்றால்தான் இதைப் பயன்படுத்த முடியும். போராட்டம் அறிவித்ததே குற்றத் திட்டம் ஆகிவிடாது. அப்படியே பிடித்தாலும் 24 மணி நேரத்துக்கு மேல் அந்தப் பிரிவை மட்டும் காட்டி வைத்திருக்க முடியாது. பிரிவு 172 என்று புதிதாக ஒன்றும் சேர்த்திருக்கிறார்கள். போலீஸ் போடும் உத்தரவை மீறினால் பிடித்து வைக்கலாம், சின்ன விஷயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும் என்று. இதை எங்கள் அனுபவத்தில் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கப் போகிறோம் என்றுதான் தோன்றுகிறது.

கல்யாண மண்டபத்தைச் சொல்லாமல் விட முடியாது. காலையில் மறியல், பத்து மணிக்கு வேன், மத்தியானம் மண்டபத்தில் சாம்பார் சாதம், ஆறு மணிக்கு வீடு. நமக்குப் பழகிப்போச்சு. சிலர் தூங்கி எழுந்து வருகிறார்கள். ஆனால் வாசலில் ஏட்டு ஒரு நோட்டில் பெயர், அப்பா பெயர், ஊர் எழுதிக்கொள்கிறாரே, அது எங்கே போகிறது என்று யாராவது கேட்டோமா? பல தடவை அதுவே வழக்காகப் பதிவாகிறது. மூணு வருஷம் கழித்து மகன் பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ போகும்போதுதான் வெளியே வருகிறது. அதனால் மண்டபத்தை விட்டு வரும்போது கேளுங்கள்: வழக்குப் போட்டிருக்கா, என்ன பிரிவு, குற்ற எண் என்ன? சட்டவிரோதக் கூட்டம், வழிமறிப்பு என்று நம்மேல் வழக்கமாகப் போடுவது ஜாமீனில் விடவேண்டிய பிரிவுகள். ஜாமீன் உண்டு என்று சொல்ல வேண்டியதும் போலீசின் கடமைதான். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் போட வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஊரில் செல்போன் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளிடம் சொல்லி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீட்டுக்குள் நுழைவது. இதில் இரண்டு வகை இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். கைது செய்ய வேண்டிய ஆள் உள்ளே இருக்கிறார் என்று வந்தால், வழிவிட வேண்டும். தான் யார், எதற்கு வந்தோம் என்று சொல்லிக் கேட்டும் திறக்காவிட்டால் கதவை உடைக்கக் கூடச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு மல்லுக்கு நிற்காதீர்கள். ஆனால் ஆளைத் தேடி வந்தவர் பீரோவைத் திற என்றால் அது வேறு. பொருளைத் தேடுவதற்கு நீதிமன்ற வாரண்ட் வேண்டும். வாரண்ட் இல்லாமல் தேட வேண்டுமானால் பிரிவு 185 பொருந்த வேண்டும்: ஒரு வழக்கு விசாரணையில் இருக்க வேண்டும், வாரண்ட் வாங்கப் போனால் காலதாமதமாகிவிடும் என்று இருக்க வேண்டும், எந்தப் பொருளுக்காகத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் மனுப்போட்டால் அவருக்கும் இலவசமாக நகல் கிடைக்கும். மறியல் நடக்கவே இல்லை, வழக்கே இல்லை என்னும்போது எந்த வழக்குக்காக அந்த ரசீது புத்தகத்தைத் தேடினார்கள்? போன வருஷம் கேட்ட இந்தக் கேள்விக்குத்தான் பதில் வரவில்லை.

சோதனை நடக்கும்போது அந்தப் பகுதியில் குடியிருக்கும், வழக்கில் சம்பந்தமில்லாத இரண்டு பேராவது சாட்சியாக நிற்க வேண்டும். எடுத்த பொருளுக்கெல்லாம் பட்டியல் எழுதி சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரர் கூடவே இருந்து பார்க்கலாம். பட்டியலின் நகல் அவர் கைக்கு வர வேண்டும். பெண்ணைச் சோதிக்க வேண்டுமானால் பெண்தான், அதுவும் கண்ணியமாக. புதிதாக வந்தது பிரிவு 105. சோதனையையும் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவதையும் போலீசே செல்போனில் வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். "வீடியோ எடுக்கறீங்களா ஐயா?" என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். நம் வீட்டில் நாம் படம் பிடிக்கக் கூடாது என்று இந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் போனைப் பிடுங்கினால் இழுபறிக்குப் போகாதீர்கள்.

சாட்சி விஷயத்தில் நம்ம ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டில் ஜீப் நின்றால் நாம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். நமக்கேன் வம்பு, கோர்ட்டு வாசல் ஏறணுமே என்று. அப்போது ஸ்டேசனுக்குத் தெரிந்த டீக்கடைக்காரர் யாராவது சாட்சி ஆகிறார். சோதனைச் சாட்சியாக நின்றவரைக் கோர்ட்டு தனியாகச் சம்மன் அனுப்பினால் ஒழிய வரச் சொல்ல முடியாது. எதிர் வீட்டு அண்ணன் நின்று பட்டியலைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், எழுதாத பொருள் ஒன்று பீரோவிலிருந்து "கிடைக்காது". புரியுதுங்களா?

சோதனை என்ற பெயரில் ஒரு ஊரே என்ன ஆகும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை சேர்ந்து மலைவாழ் மக்கள் ஊருக்குள் போனார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் முதலில் அரசு தரப்பில் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். 2023-ல் அதே செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம். அந்தப் பெண்கள் ஒவ்வொரு விசாரணைக்கும் போய்ச் சொன்னதையே சொன்னார்கள். அவர்கள் வாய் திறந்ததால்தான் அந்த வழக்கு நின்றது.

குண்டர் சட்டம் பற்றிப் பலர் கேட்டீர்கள். அது 1982-ம் வருஷச் சட்டம். அதில் போட்டால் 24 மணி நேரக் கணக்கு இல்லை, ஒரு வருஷம் வரைக்கும் உள்ளே வைக்கலாம். செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் கொடுக்க மாட்டோம் என்று போராடிய விவசாயிகளில் 20 பேரை 2023 நவம்பரில் கைது செய்து, 7 பேர் மேல் குண்டர் சட்டம் போட்டார்கள். விவசாயி எப்படி குண்டர் ஆனான் என்று தமிழ்நாடே கேட்டது. அதே மாதத்தில் 6 பேர் மேலிருந்த உத்தரவை அரசே ரத்து செய்தது. இதிலும் காகிதம் உண்டு: எதற்காகப் போட்டோம் என்ற காரணங்களை 5 நாளுக்குள் கைதானவர் கையில் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் வந்த அன்றே வக்கீலிடம் போக வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு அதை வைத்துத்தான்.

முன் வரிசையில் ஒரு அண்ணன் கேட்கிறார்: "இவ்வளவும் கேட்டா செவுள்ளயே விட மாட்டானா?" விடலாம். இல்லை என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். 1970-ல் பெருமாநல்லூரில் மின் கட்டணத்துக்காகப் போராடிய மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்த நாட்டில்தான் இன்னும் இருக்கிறோம். ஆனால் கையை ஓங்காதீர்கள், தள்ளாதீர்கள். தள்ளினால் "பணி செய்யவிடாமல் தடுத்தார்" என்று ஜாமீனில் விடாத வழக்கு வரும். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள், சத்தமாகக் கேளுங்கள், நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கேளுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்துத் தெரியாத தாய்மார்கள் கைநாட்டு வைப்பதற்கு முன் பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

கூட்டிக்கொண்டு போய்விட்டால் 24 மணி நேரக் கணக்கைத் தொடங்குங்கள். பயண நேரம் போக, அதற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியல் சட்டம் 22-வது பிரிவு. மாஜிஸ்திரேட் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அடித்திருந்தால் அங்கே சொல்லுங்கள். அதற்கு முன் டாக்டரிடம் காட்டுவார்கள்; அங்கேயும் சொல்லுங்கள், சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள். வெட்கப்பட வேண்டிய இடம் அது இல்லை. காவலில் இருக்கும் யாருக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட்டு வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அப்பனுக்குப் பதில் மகனைக் கொண்டுபோவதற்கு எந்தச் சட்டத்திலும் இடம் கிடையாது. அப்படி நடந்தால் விடிகிற வரைக்கும் காத்திருக்காமல் எங்களுக்குப் போன் பண்ணுங்க, ராத்திரியோ பகலோ.

கடைசியாக வேலை. ஒவ்வொரு கிளையும் இரண்டு பெயர் கொடுக்க வேண்டும், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஊருக்குள் ஜீப் வந்தால் அந்த இரண்டு பேரும் அந்த வீட்டு வாசலுக்குப் போய் நிற்பார்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம். வண்டி நம்பர், மணி, வந்தவர் சட்டையில் உள்ள பெயர், ஏறினவர் பெயர், எடுத்த பொருள், இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். நோட்டு சங்கம் கொடுக்கும், வெளியே மேசையில் அடுக்கி வைத்திருக்கிறோம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று நாள் மாத்திரையையும் சீட்டையும் ஒரு கவரில் போட்டுக் கதவுப் பக்கம் மாட்டி வையுங்கள். கிளைப் பெயர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தாலுகா ஆபீசுக்கு வந்தாக வேண்டும். தெற்குப் பக்கத்துக் கிளைகள் போன தடவை தாமதம் பண்ணினாங்க, இந்தத் தடவை முதல்ல கொடுத்துடுங்க.